ஒன்றரை மணிக்கு ஒரு சிவப்புக் கோடு

தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு வடிவு தன் அண்ணனிடம் அவமானப்பட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு, பண்டிகை என்று ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது. மூன்று வருடமாக இதே கதைதான். அவமானப்படுவதற்குக்கூட இவ்வளவு ஒழுங்காக நேரம் பார்க்கிறவள் தூத்துக்குடியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வீடுகள் பேச ஆரம்பித்து அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீட்டாள் உண்டு. ஆள் என்றால் ஆள் இல்லை, சுவருக்குள் குடியிருக்கிற ஒரு கணினி மூளை. யார் வந்தார்கள், யார் மாத்திரை போட மறந்தார்கள், அடுப்பில் என்ன கொதிக்கிறது, எல்லாம் அதற்கு அத்துபடி. ஒரு வீட்டைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் உலாவியைத் திறந்து அந்த வீட்டின் வாசலுக்குப் போய் வீட்டாளிடம் கேட்கலாம். நமக்குப் பதிலாகக் கேட்டுவர ஒரு குட்டி நிரல் எழுதி உலாவியில் செருகிவைக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதை எழுதினார்கள்.

வடிவும் ஒன்று எழுதியிருந்தாள். மொத்தமே நாலு வரி. தினமும் ஒன்றரை மணிக்கு அது அண்ணன் பால்வண்ணனின் வீட்டு வாசலுக்குப் போகும். "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும். அடுத்த நொடியே அவள் மணிக்கட்டுத் திரையில் ஒரு சிவப்புக் கோடு விழும். அதன் மேல் இரண்டே வார்த்தை: அனுமதி மறுப்பு.

"பாத்தீங்களா, இன்னைக்கும் மறுத்துட்டான்" என்பாள் கணவனிடம்.

"நீ கேக்காம இருந்தா அவரு மறுக்காம இருப்பாருல்லா" என்பான் கைலாசம். மக்ரூன் அடுமனை வைத்திருக்கிறவன். நாள் முழுக்க முட்டை வெள்ளைக்கருவையும் முந்திரியையும் அடித்து நுரையாக்குகிற தொழில் என்பதால் எதற்கும் பதறமாட்டான்.

"நான் எங்க கேட்டேன்? நிரல்லா கேக்கு."

"ஓகோ. அப்ப அவமானமும் நிரலுக்குத்தான. விடு."

விட்டுவிட முடிகிற காரியமா அது?

சண்டை பெரிய சண்டையெல்லாம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் பால்வண்ணன் கரையை விட்டு மிதவைக் காலனிக்குக் குடிபோனான். கடலுக்குள் படகில் முக்கால் மணி நேரம். மிதக்கிற மேடைகளின் மேல் நூற்றைம்பது வீடுகள், சுற்றிலும் கடல்பாசி வளர்க்கிற கயிறுகள். புது வீட்டுக்குப் பால்காய்ப்பு வைத்தான். அழைப்பை எப்படி அனுப்பினான்? சொந்தம், நட்பு, பாசி வியாபாரி என்று எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே தட்டு. 'எல்லாரும் வாங்க' என்று ஒரு செய்தி. அந்த 'எல்லாரு'க்குள்தான் கூடப்பிறந்த தங்கச்சி வடிவும் இருந்தாள்.

வெற்றிலை பாக்கு வைத்து, வடிவு, கைலாசம் என்று பேர் சொல்லி அழைக்காத விசேஷத்துக்கு அவள் போவாளா? போகவில்லை. "கூடப்பிறந்தவளுக்கு முதல் அழைப்பு வைக்கணும்னு தெரியாதா அவனுக்கு?" என்று இங்கே இவள் குதித்தாள். "சொந்தத் தங்கச்சிக்கு என்னல அழைப்பு வேண்டிக்கிடக்கு? அவ வீடு, அவளா வரணும்" என்று அங்கே அவன் குதித்தான். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான், அதனால்தான் சண்டை தீரவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அப்போது வடிவின் மகள் தாமிராவுக்கு நாலு மாதம்.

இப்போது தாமிராவுக்கு மூன்று வயது. காது குத்தவேண்டும். ஐப்பசியில் நாள் குறித்தாயிற்று, இன்னும் பத்து நாள்தான் இருந்தது. குலசாமியான சாஸ்தா கோவிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். தாய்மாமன் என்று தாமிராவுக்கு இருக்கிறவன் இந்த ஒருத்தன்தான். அவனோ தினமும் ஒன்றரை மணிக்கு மறுத்துக்கொண்டிருக்கிறான்.

"உங்க சித்தப்பா மவன் ஒருத்தன் மதுரையில இருக்கான்லா, அவன் மடியில உக்காரவச்சா என்ன?" என்று கைலாசம் ஒருமுறை கேட்டான். வடிவு பார்த்த பார்வையில் அடுத்த இரண்டு நாள் அவன் அடுமனையிலேயே சாப்பிட்டான்.

வடிவு வேலை பார்த்ததே ஓர் உலாவி நிறுவனத்தில்தான். நிலைக்கதவு என்று பேர். தென் மாவட்டங்களில் முக்கால்வாசிப் பேர் அந்த உலாவியைத்தான் பயன்படுத்தினார்கள். அது திரையில் காட்டுகிற தமிழ் வாசகங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. நீளமான அறிவிப்பைக் கொடுத்தால் நறுக்கென்று வெட்டித் தருவாள். அதற்காகக் கொடுத்த கேடயம் ஒன்று அவள் மேசையில் நின்றது. அதன் பக்கத்தில்தான் சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சாப்பிடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணி ஒன்றரை. மேசைத் திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. பாதுகாப்புப் பிரிவின் தலைவி ஷமீமா அந்த நேரம் பார்த்து ஊறுகாய் கேட்க வந்து நின்றாள். காயல்பட்டினத்துக்காரி. ஆறு மாதத்துக்கு முன்னால்தான் இந்த வேலைக்கு வந்திருந்தாள்.

"என்னக்கா இது, யாரு வீடு?"

"எங்க அண்ணன் வீடு. மூணு வருஷமா என்னைய உள்ள விடமாட்டேங்கான்." வடிவு சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஷமீமா குனிந்து பார்த்தாள். விரலால் திரையைக் கீழே இழுத்து, போக்குவரத்துப் பதிவேட்டைத் திறந்தாள். பிறகு ஊறுகாயை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க அண்ணன் மறுக்கவே இல்லையே."

"சிவப்பா போட்டிருக்கு, கண்ணு தெரியலயா உனக்கு?"

"மறுத்தது அவரு இல்லக்கா. நம்ம உலாவி. உங்க கேள்வி அங்க போய்ச் சேந்திருக்கு. அவரு வீட்டுல இருந்து பதிலும் வந்திருக்கு. இந்தா பாருங்க, பதிலோட அளவு. இன்னைக்கு ஆறு வார்த்தை அளவுக்கு என்னமோ வந்திருக்கு. நேத்து அஞ்சு."

வடிவின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "வந்த பதில் எங்க?"

"நம்ம உலாவி வாங்கி, உங்ககிட்ட குடுக்காம கீழ போட்டுட்டு."

"ஏன் போட்டுது? அது என்ன, எங்க அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல நாட்டாமையா?"

"வாசப்படி விதிக்கா. நம்ம ஆபீஸ்லயே இருந்துக்கிட்டு நீங்க கேக்கீங்களே" என்று ஷமீமா சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். "பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணத் தரகன் நிரல் எழுதி நாலாயிரம் வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடுதாங்கன்னு வாரிக்கிட்டுப் போனான்லா, எத்தனை கல்யாணம் நின்னுச்சு? அதுக்கு அப்புறம் வந்தது. யாரு நிரலும் யாரு வீட்டுலயும் கேக்கலாம். ஆனா அந்த வீட்டு வாசல் பட்டியல்ல கேட்டவங்க பேரு இருந்தாத்தான் உலாவி பதிலைக் கையில குடுக்கும்."

"அண்ணன் வாசல்ல 'எல்லாருக்கும்'னு எழுதியிருக்கான். பால்காய்ப்பு அன்னைக்கே எழுதினான். எனக்குத் தெரியும்."

"அது பொதுச் சமாச்சாரத்துக்குக்கா. படகு எப்ப, பாசி என்ன விலைன்னு யாரு எவர்னு சொல்லாம கேட்டா 'எல்லாருக்கும்' போதும். நீங்க உங்க முத்திரையோட போறீங்க. நான் வடிவு, தங்கச்சி, வீட்டு உள் சமாச்சாரம் கேக்கேன்னு. அதுக்கு 'எல்லாருக்கும்' செல்லாது. உங்க பேரைச் சொல்லி எழுதியிருக்கணும்."

எல்லாரும் வாங்க என்றால் அது அழைப்பில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று வடிவு மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த உலாவியும் ஒன்று விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. தன்னைப் போலவே ஒரு ரோஷக்காரியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"சரி, திறந்து காட்டு. உன்னால முடியும்லா. நீதான பாதுகாப்புக்கே தலைவி."

"முடியும். காட்டமாட்டேன்."

"ஷமீமா!"

"இன்னைக்கு உங்களுக்காகத் திறந்தா நாளைக்கு அந்தத் தரகன் வந்து நிப்பான்க்கா. அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா. ரெண்டே வழிதான். ஒண்ணு, உங்க அண்ணன் உங்க பேரை எழுதணும். இல்ல, நீங்க படகு ஏறணும்." சொல்லிவிட்டு அவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா ஒண்ணு புரியல. இதை அறிவிப்புலயே சொல்லியிருக்கணுமே. நிரலாளர்கள் எழுதுன மூலத்துல ரெண்டு வரி உண்டு. 'பதில் வந்திருக்கிறது. அந்த வீடு உங்கள் பெயரை எழுதவில்லை என்பதால் தர முடியவில்லை'ன்னு. தமிழ்ல அதை எவன் வெட்டி 'அனுமதி மறுப்பு'ன்னு போட்டான்?"

வடிவு மெல்லக் கையை நீட்டி, மேசையில் இருந்த கேடயத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

மணிக்கட்டுத் திரையில் இரண்டு வரி கொள்ளாது என்று நாலு வருடத்துக்கு முன்னால் அவள்தான் வெட்டினாள். கேடயம் கொடுத்ததே அந்த வெட்டுக்குத்தான். கைதட்டு வேறு வாங்கியிருந்தாள், வெட்டுப்பட்ட வரியை அதோடு மறந்தும்போனாள். ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். வடிவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலைப் படகில் ஏறிவிட்டாள். மடியில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய காதுகுத்துப் பத்திரிகை, கைலாசம் கட்டிக்கொடுத்த ஒரு கிலோ மக்ரூன். ரோஷம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். தாய்மாமனுக்கு முதல் அழைப்பு வைக்கிறது முறை, முறையைச் செய்யத்தான் போகிறோம், இதில் இறங்கிப்போவது எங்கே வந்தது என்று படகு முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அலையில் படகு ஒருமுறை தூக்கிப்போட்டபோது பத்திரிகையைத்தான் முதலில் பிடித்தாள், தன்னைப் பிடித்துக்கொண்டது அப்புறம்தான்.

பால்வண்ணன் வீட்டு மேடையில் உட்கார்ந்து கயிற்றில் பாசி நாற்று முடிந்துகொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் எழுந்தான். கை ஈரத்தைச் சட்டையிலேயே துடைத்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. மூன்று வருடம் பேசாதவர்களுக்கு முதல் வார்த்தை என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"சாப்பிட்டியா?" என்று வடிவு கேட்டுவிட்டாள்.

"எத்தனை தடவைட்டி சொல்லுவேன்?" என்று அவன் வெடித்தான். "தினமும் ஒன்றரை மணிக்குக் கேக்கே. தினமும் சொல்லுதேன். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியான்னு கேட்டா அதுக்கு ஒரு வார்த்தை உண்டா உங்கிட்ட இருந்து? மறுநா திரும்பவும் வந்து அதே கேள்வி. என்னைய என்ன, கேலியா பண்ணுத?"

"எனக்கு ஒண்ணுகூட வரல அண்ணே. நீ என் பேரை எழுதல."

"எதுல எழுதல?"

"உன் வாசல்ல. 'எல்லாருக்கும்'னு எழுதியிருக்க. அது எனக்குச் செல்லாது."

"உன் பேரை எதுக்குட்டி எழுதணும்? நீ என்ன அசல் ஆளா?"

"அசலுக்குத்தான் 'எல்லாருக்கும்'. கூடப்பிறந்தவளுக்குப் பேரு வேணும். நான் சொன்னா கேக்கமாட்ட. இப்ப மிஷினும் அதைத்தான் சொல்லுது, போ!"

இந்தச் சத்தத்தில் அண்ணனின் மனைவி பகவதி உள்ளேயிருந்து வந்தாள். வடிவைக் கட்டிக்கொண்டு தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்தாள். நடந்ததை வடிவு ஆதியோடு அந்தமாகச் சொல்லக் கேட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "நல்லா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வீம்பு புடிச்சதும் இல்லாம, ஒரு மிஷினையும் சேத்துல்லா புடிக்க வச்சிருக்கீங்க. ஏ வீட்டாளு, வடிவு பேரை எழுது வாசல்ல. பெருசா எழுது."

"எழுதிவிட்டேன்" என்றது சுவர். "வடிவுக்கு நீங்கள் சொல்லச் சொன்ன பழைய பதில்களின் நகல் ஆயிரத்து எழுபத்தெட்டு இருக்கிறது. கொடுக்கட்டுமா?"

அவள் மணிக்கட்டில் அவை மழைபோல இறங்கின. வடிவு அங்கேயே பாசிக் கயிற்றின் மேல் உட்கார்ந்து படித்தாள். 'சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?' முக்கால்வாசி அதுதான். நடுநடுவே வேறும் இருந்தன. 'சாளைமீன் புளிமுளக் குழம்பு. நீ வைக்கிற மாதிரி இல்ல.' 'பிள்ளைக்குப் பல் முளைச்சிருக்குமே, முளைச்சிட்டா?' தீபாவளி அன்றைக்கு ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். போன ஆவணியில் ஒன்று: 'சாப்பிடல. பொய் சொல்லமாட்டேன். ஆறு நாளா டெங்கு காய்ச்சல். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.'

அதைப் படித்ததும் அவளால் முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணன் முழங்காலில் ஓர் அடி அடித்தாள். "காய்ச்சல்ல கிடந்தியா? வேற யாருகிட்டயாவது எனக்குச் சொல்லி விட்டிருக்கக்கூடாதா?"

"உங்கிட்ட நேரடியாச் சொன்னேன்லா. அப்புறமும் வரலன்னா யாருகிட்டச் சொல்ல?" பால்வண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்குத்தான் ரொம்ப வலிச்சு, வடிவு. தெரிஞ்சும் வரலன்னு நினைச்சேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பகவதி ஆளுக்கொரு மக்ரூனை வாயில் திணித்தாள். அழுகையோடு மக்ரூன் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும், உடனே புரையேறும். புரையேறியதில் சிரிப்பு வந்துவிட்டது.

வடிவு தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். "அண்ணே, மதினி, உங்க மருமவ தாமிராவுக்குக் காதுகுத்து. மாமன் மடி வேணும். குடும்பத்தோட வந்திரணும்."

"வாரேன்" என்றான் பால்வண்ணன். தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"இன்னொரு விஷயம் நிலுவையில் இருக்கிறது" என்றது சுவர். "வடிவின் வீட்டிலிருந்து..."

"நீ சும்மா கெட" என்று பால்வண்ணன் அதட்டினான். முகம் சிவந்திருந்தது. பகவதி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வடிவுக்கு அந்த நேரத்தில் அதைக் கவனிக்கத் தோன்றவில்லை, பத்திரிகை வைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அவள் மேலிடத்துக்கு எழுதினாள். வெட்டிய வரியைத் திரும்பச் சேர்க்கவேண்டும், வெட்டியது என் தப்பு என்று. மணிக்கட்டில் கொள்ளாதே என்று கேட்டார்கள். எழுத்தைச் சின்னதாக்குங்கள், இல்லையென்றால் மணிக்கட்டைப் பெரிதாக்குங்கள் என்றாள். ஷமீமா கூட நின்று வாதாடினாள். விதியில் ஒரு புள்ளிகூட மாறவேண்டாம், யாருடைய பதிலும் வெளியே வரவேண்டாம், பதில் வந்திருக்கிறது என்பதை மட்டும் கேட்டவருக்குச் சொல்லிவிடுங்கள் போதும் என்றாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். புது அறிவிப்பு எல்லோருடைய உலாவிக்கும் போய்ச்சேர ஒரு நாள் குறித்தார்கள். அது காதுகுத்து நாளாகவே அமைந்தது. நல்ல நாள்தானே என்று வடிவும் விட்டுவிட்டாள்.

காதுகுத்து என்றால் அப்படி ஒரு காதுகுத்து. மிதவைக் காலனியிலிருந்து மூன்று படகில் மாமன் சீர் வந்து இறங்கியது. தாமிரா மாமனை முன்னே பின்னே பார்த்ததில்லை. மடியில் உட்காரவைத்ததும் ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க மேல மீன் வாசம் அடிக்கி" என்றாள். "பாசி வாசம்மா அது" என்றான் பால்வண்ணன் பயபக்தியுடன். ஊசி இறங்கியபோது பிள்ளை ஒரே ஒரு முறைதான் வீரிட்டது. மாமன்தான் கண்ணை மூடிக்கொண்டு அதைவிடப் பெரிதாக 'ஐயோ' என்றான். சாஸ்தா கோவிலே சிரித்தது.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து பந்தி. முதல் பந்தியில் மாமன் குடும்பம். வடிவு தானே நெய் ஊற்றினாள். சாம்பார், அவியல், பருப்பு வடை, இரண்டு பாயசம். மணி ஒன்றரை.

பந்தியில் இருந்த பாதிப் பேரின் மணிக்கட்டு ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. புது அறிவிப்பு வந்து சேர்ந்துவிட்டது. அதுவரை 'அனுமதி மறுப்பு' என்று கிடந்த பழைய கோடுகளெல்லாம் இரண்டு வரியாக மாறின. கைலாசத்தின் பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஏல, எம் மவ பதில் அனுப்பியிருக்காளாம்லா" என்று இலையை மூடாமல் எழுந்தார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார். "ஐயா, மன்னிக்கணும், சம்பந்தி வீடு" என்று சொல்லி வாசலைப் பார்த்து ஓடினார். தெருவில் ஸ்கூட்டர்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஊர் முழுக்கவே அந்த மத்தியானம் அப்படித்தான் இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். எத்தனையோ வீட்டுக் கதவுகளை யார் யாரோ போய்த் தட்டினார்கள். ஒன்றிரண்டு கதவு திறக்கவில்லைதான். மற்றவை திறந்தன.

இதற்கு நடுவில் பால்வண்ணன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைக் கனைத்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி வாசித்தான்.

"'பதில் வந்திருக்கிறது. அந்த வீடு உங்கள் பெயரை எழுதவில்லை என்பதால் தர முடியவில்லை.'"

"எந்த வீடு மச்சான்?" என்று கேட்டான் கைலாசம்.

"இந்த வீடுதான் மாப்ளே."

நெய்க் கிண்ணத்தோடு வடிவு அப்படியே நின்றாள்.

பகவதிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "உங்க அண்ணனும் ஒரு நிரல் எழுதிவச்சிருக்காவோ, வடிவு. ஒன்றரை மணிக்கு. 'தங்கச்சி சாப்பிட்டாச்சா'ன்னு. மூணு வருஷமாச் சிவப்புக் கோடுதான். அன்னைக்கு நீ அழுது தொலைச்சதுல, இதையும் சொல்லி உன்னைய வேற நோகடிக்கவேண்டாம்னு வாயைப் பொத்திட்டாவோ."

வடிவு சுவரைப் பார்த்தாள். "ஏ வீட்டாளு. என் வாசல்ல அண்ணன் பேரு இல்லையா?"

"இல்லை" என்றது அவள் வீடு. "'எல்லாருக்கும்' என்று எழுதச் சொன்னீர்கள். அண்ணன் பேரைத் தனியாக எழுதட்டுமா என்று நான் கேட்டதற்கு, 'சொந்த அண்ணனுக்கு என்ன பேரு எழுதவேண்டிக்கிடக்கு' என்றீர்கள்."

பந்தியில் கொஞ்ச நேரம் யாரும் சாப்பிடவில்லை. சிரித்து முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. கைலாசம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷமீமா மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"எழுது. இப்பவே எழுது" என்றாள் வடிவு. சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. "இரு. மூணு வருஷமா நீ என்ன பதில் சொன்ன?"

"யார் கேட்டாலும் உண்மையைச் சொல், எனக்கென்ன ஒளிவு மறைவு என்று சொல்லியிருந்தீர்கள்" என்றது வீடு. "உண்மையைத்தான் சொன்னேன்."

அதற்குள் பால்வண்ணன் மணிக்கட்டில் மழை இறங்க ஆரம்பித்திருந்தது. அவன் சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். "'சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது உங்களைத் திட்டினார்கள்.' 'சாப்பிட்டார்கள். இன்று திட்டவில்லை.' 'சாப்பிடவில்லை. உங்கள் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' ஏட்டி வடிவு!"

"வாசிக்காத அண்ணே, போதும்" என்று வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவன் விடுவதாக இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனவன் ஓர் இடத்தில் நின்றான். அவன் குரல் இறங்கிவிட்டது. "'சாப்பிட்டார்கள். இன்று மாடியில் கூழ்வத்தல் காயவைத்தார்கள். உங்களுக்குப் பிடிக்கும் என்று முதலிலேயே ஒரு டப்பா தனியாக எடுத்துவைத்துவிட்டார்கள். யாரையும் தொடவிடவில்லை.' இது போன பங்குனி." இன்னும் தள்ளினான். "அதுக்கு முந்தின பங்குனியும் அதே." மறுபடி தள்ளினான். "அதுக்கு முந்தினதும்."

அவன் இலையிலிருந்து தலையைத் தூக்கித் தங்கச்சியைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"வத்தல் எங்கட்டி?"

வடிவு நெய்க் கிண்ணத்தைக் கைலாசத்தின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பரணில் ஏணி போடுகிற சத்தம் கேட்டது. மூன்று டப்பாவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள்.